மார்பில் உண்டு, தாளில் இல்லை

அமெரிக்கப் படைவீரருக்குப் பதக்கம் மார்பில் இருந்தால் போதாது; டிடி-214 என்ற பணிவிடுப்புச் சான்றிலும் இருக்கவேண்டும். எழுத்தர் விட்டுவிட்டால்? பெரும்பாலும் பழைய தாள் பிழையோடு அப்படியே இருக்கும்; டிடி-215 என்றொரு திருத்தத்தாள் துணைக்கு வரும்.

ஆதாரத்துக்கு செயின்ட் லூயிஸ் படைவீரர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே 1973 ஜூலைத் தீயில் 1.6 கோடிக்குக் குறையாத கோப்புகள் சாம்பல். நெருப்புக்கு அகரவரிசை தெரியும்போல: 1947-64 விமானப்படைக் கோப்புகளில் 'ஹப்பர்ட்' பெயருக்குப் பிந்தியவைதான் பெரும்பாலும் எரிந்தன. ஆண்டர்சன்கள் பிழைத்தார்கள், வில்லியம்ஸ்கள் மாட்டிக்கொண்டார்கள். இப்போது காப்பகம் அவர்களிடமே படிவம் நீட்டுகிறது: ஐயா, எந்தப் பிரிவில், எப்போது இருந்தீர்கள்?

படை ஆவணப் பிழைகளைத் திருத்தும் வாரியத்துக்குப் போவதென்றால், பிழையைக் கண்ட 3 ஆண்டுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். பிந்தினால், நீதியை உத்தேசித்து மன்னிப்பதும் உண்டு. பிழைவிட்ட படை, வீரரை மன்னிக்கும்.