அடுத்த பாகத்தைத் தேர்பவர்

இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் பார்க்காமல் விடுவதை மரியாதைக் குறைவாகக் கருதும் ஊர் கோயம்புத்தூர் என்பதால், அந்நகரத்து நடுத்தர வர்க்கத்தில் ‘கார் மேம்படுத்துநர்’ என்றொரு பிரிவினர் தோன்றியதில் வியப்பில்லை. பம்பு செட்டும் வார்ப்படப் பட்டறையும் வளர்ந்த ஊர் அது, ஜி.டி. நாயுடுவின் ஊர், மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் பந்தயக் காரை உருவாக்கிய கரிவர்தனும், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அந்த மண்ணைச் சேர்ந்தவர்களே. இம்மரபின் நேர் வாரிசாகத் தம்மைக் கருதிக்கொள்ளும் மேம்படுத்துநர், செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்தில் ஒருநாளும் காரை இறக்கியதில்லை என்பதையும், அக்கார் பெரும்பாலும் பிள்ளைகளை டியூஷனுக்கும் கிருத்திகைதோறும் குடும்பத்தை மருதமலைக்கும் கொண்டுசெல்லவே பயன்படுகிறது என்பதையும் இங்கே பதிவு செய்வது ஆய்வு நேர்மை.

இவரை அடையாளம் காண்பது எளிது. காரை நிறுத்திப் பூட்டிவிட்டு நாலடி நடந்ததும், எதையோ மறந்தவர்போலத் திரும்பி அதை ஒருமுறை பார்ப்பார். உறவினர் வந்து “மைலேஜ் என்ன குடுக்குதுங்?” என்று கேட்டால் அவருடைய முகம் வாடிவிடும், “பிக்கப் எப்படிங்?” என்று கேட்டவருக்கோ இரண்டாவது காப்பி கிடைக்கும். வீட்டுக் கணக்கு நோட்டின் முன்பக்கத்திலிருந்து பால், மின்கட்டணம், பள்ளிக் கட்டணம் ஆகியவை எழுதப்பட்டு வர, அதே நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து அடுத்து மாற்ற வேண்டிய பாகங்களின் பட்டியல் வளர்ந்து வரும். இரு கணக்கும் நடுப்பக்கத்தில் சந்திக்கும் மாதத்தில் வீட்டில் பேச்சுவார்த்தை குறைந்து காணப்படும்.

இப்பிரிவினரிடம் மிகுதியாகக் காணப்படும் வாகனம் பழைய டீசல் ஸ்விஃப்ட் ஆகும். அதிலுள்ள 1248 சிசி எஞ்சின் ஃபியட் நிறுவனம் வடிவமைத்தது. அதன் ஆற்றல் 75 குதிரைத்திறன், அதாவது 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் வேலையைப்போல் 75 மடங்கு. 2020-இல் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் வந்தபோது மாருதி டீசல் கார்களையே கைவிட்டுவிட்டதால், புதிதாக வாங்க முடியாத ஒன்றைத் தாம் காப்பாற்றி வருவதாக மேம்படுத்துநர் கூறும்போது மனைவியால் மறுத்துப் பேச முடிவதில்லை. இந்த எஞ்சினில் டர்போ உண்டு. வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும் சிறு விசிறி அது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்றுகளை எட்டும்வரை இவ்விசிறி போதிய காற்றைத் தள்ளாமல் மந்தமாக இருக்கும் என்பதும், காந்திபுரத்து நெரிசலில் எஞ்சின் பெரும்பாலும் அந்த 2000-க்குக் கீழேயே முனகிக்கொண்டிருக்கும் என்பதும் நோயின் மூலம். மருந்தாக வருவது ‘ரீமேப்’, அதாவது எரிபொருளும் டர்போ அழுத்தமும் எப்போது எவ்வளவு என்று தீர்மானிக்கும் கணினியின் நிரலைத் திருத்தி எழுதுதல்.

கதை உண்மையில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு பாகத்தின் திறனைக் கூட்டினால் அதற்கு அடுத்த பாகம் தாங்காது என்பது பொறியியலில் ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. அவ்வுண்மையைக் குடும்ப நிதியில் புகுத்தியதே மேம்படுத்துநரின் தனிப் பங்களிப்பு. ரீமேப் செய்து மூன்று மாதம் ஆவதற்குள் பட்டறைக்காரர் பானெட்டை மூடியபடி, “பவரை ஏத்திப்போட்டீங்க, இனிக் கிளட்ச்சு தாங்காதுங்ணா” என்பார். வலுவான கிளட்ச் வரும். அதை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கும். வேகம் கூடியதால் பெரிய பிரேக் தேவைப்படும். பிரேக் பெரிதானால் சக்கரமும் பெரிதாக வேண்டும். “ஏனுங்க, போன மாசம் மாத்துனதே நல்லாத்தானே இருந்துது?” என்று மனைவி கேட்பதற்கு அவரிடம் எப்போதும் விடை உண்டு: நன்றாக இருந்ததால்தான் அடுத்ததை மாற்ற வேண்டியிருக்கிறது.

சக்கர விஷயத்தில் அவருடைய நுட்பத்தைப் பாராட்டியே ஆகவேண்டும். 185/65 ஆர் 15 என்ற குறியீட்டில் முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது அதன் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது, கடைசி எண் உள்ளே இருக்கும் ரிம்மின் அங்குல அளவு. இதை 195/55 ஆர் 16 ஆக மாற்றினால் வெளிவட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட வேறுபடாது, ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது என்று இரவு பதினொரு மணிக்குக் கணக்குப் போட்டு நிறுவிவிடுவார். ஆனால் அதே கணக்கில் பக்கச்சுவர் ரப்பர் 120 மில்லிமீட்டரிலிருந்து 107 ஆகக் குறைகிறது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருவில் குழிகளைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தப் பதின்மூன்று மில்லிமீட்டர்தான் என்பதை மாமியாரின் இடுப்பு முதல் பயணத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

அவர் எவற்றைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதும் ஆராயத்தக்கது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெடும் என்பதால் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தேய்ந்துபோன சஸ்பென்ஷன் புஷ்களை மாற்றினாலே பழைய கார் புதிதுபோல் வளைவில் நிற்கும். இவை மலிவானவை, பயன்மிக்கவை, பிறர் கண்ணில் படாதவை. மூன்றாவது குணத்தால் பட்டியலில் இடம் இழந்தவை. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று பாடம் நடத்துபவரின் டிக்கியில் ஸ்பீக்கர் பெட்டியும், ஊரிலிருந்து வந்த தேங்காய் மூட்டையும் மாதக்கணக்கில் சவாரி செய்யும்.

சட்டமும் இவரைக் கவனித்தே வைத்திருக்கிறது. உற்பத்தியாளர் வகுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வாகனத்தைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவோ, அனுமதியில்லாத திருத்தம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. தம் உழைப்பை ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்க்க முன்வந்தது இந்தப் பிரிவு ஒன்றே என்பதால் அவருக்கு அதன்மேல் பயத்தோடு சிறிது பெருமிதமும் உண்டு. அவினாசி சாலையில் 2025-இல் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறக்கப்பட்டபோது அத்தனை பாகங்களுக்கும் வேலை வந்துவிட்டதென்று வீட்டார் நம்பினர். அவரோ முதல் நாளே அதில் ஏறி, இடப்பக்கம் ஒதுங்கி நிதானமாகச் சென்று, இறங்கியதும் சைலன்சரின் ஒலி போதவில்லை என்று முடிவு செய்தார்.

இத்தகையவரிடம் கார் வாங்க விரும்புவோர் விலை பேசுமுன் அவர் வீட்டுப் பரணைப் பார்த்துவிடுவது நல்லது. கம்பெனி சைலன்சர், கம்பெனி சக்கரங்கள், ஏர் ஃபில்டர் பெட்டி எல்லாம் துடைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி அங்கேதான் இருக்கும். கேட்டால் விலையில்லாமலே கொடுத்துவிடுவார். அடுத்த காரின் பாகங்களுக்கு அந்த இடம் வேண்டும்.