கட்டம் போட்ட முகங்கள்

எண்பதுகளில், சினிமா ஸ்டில்ஸ் பிரிண்ட் போடும் ஒரு சிறிய ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். டார்க்ரூம் வேலை. குளித்தாலும் ஹைப்போ வாடை விரலை விட்டுப் போகாது. காய்ந்த பிரிண்ட்டுகளைப் பழுப்புக் கவரில் போட்டு, பேனர் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் என் வேலைதான். புகைப்படக்காரரும் தெரு ஓவியரும் சேர்ந்து ஒன்றைப் படைக்கிறார்கள் என்று அன்று யாரும் பேசியதில்லை. படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ், அதற்குள் பேனர் ஏறியாக வேண்டும் என்பது மட்டும்தான் பேச்சு.

பேனர் கம்பெனியின் கொட்டகையில் கவரைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்ப மனசு வராது. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, வெள்ளை பூசி நிறுத்தியிருப்பார்கள். அங்கே மூத்த ஓவியராக இருந்த பெரியவர் எங்கள் ஸ்டில்லை வாங்கி, அதன்மேல் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கட்டம் போடுவார். உதவிக்கு இருக்கும் பையன் துணியில் அதே கட்டங்களைப் பல மடங்கு பெரிதாகப் போடுவான். பிறகு கட்டம் கட்டமாக முகம் ஏறும். கண் மட்டுமே ஓர் ஆள் அகலத்துக்கு இருக்கும். கிட்டே நின்று பார்த்தால் முகம் தெரியாது, நிறத் திட்டுகள்தான் தெரியும். பெரியவர் தூரிகையோடு தெருவின் எதிர்ப்பக்கம் வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்ப்பார். உதட்டோரத்தில் ஒரு கோடு கூடியிருப்பது அங்கிருந்துதான் தெரியும். வந்து திருத்துவார், மறுபடி போவார்.

நாங்கள் கொடுத்தது பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. நிறம் முழுக்க அவருடையது. கன்னத்தில் ரோஸ், தாடைக்குக் கீழே நீலம், மூக்கின் நிழலில் பச்சை. மனித முகத்தில் பச்சை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில், ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிறவனுக்கு அது பச்சையாகத் தெரியாது, உயிராகத் தெரியும் என்றார். தியேட்டர் வாசலில் ஏறியதும் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நான் டார்க்ரூமில் கழுவியெடுத்த அதே முகம்தான், ஆனால் என் பிரிண்ட்டில் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருந்தது.

1957-ல் ‘வணங்காமுடி’ படத்துக்கு மோகன் ஆர்ட்ஸ் என்ற பேனர் கம்பெனி செய்த சிவாஜியின் பிரம்மாண்டமான கட்அவுட்டைப் பற்றி அந்தத் தொழிலில் இருந்தவர்கள் பெருமையோடு பேசுவார்கள். எம்.எஃப்.ஹுசைன் இளம் வயதில் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர் என்பது உலகத்துக்கே தெரியும். ஆனால் இங்கே பேனரின் மூலையில் கம்பெனி பெயர் மட்டும்தான் இருக்கும். கட்டம் போட்டவர் பெயர் இருக்காது, ஸ்டில் எடுத்தவர் பெயரும் இருக்காது. படம் தூக்கப்பட்டதும் துணி திரும்பி வரும். அதன்மேல் வெள்ளை பூசுவார்கள், அடுத்த நாயகன் ஏறுவான். எத்தனை நல்ல முகங்கள் ஒன்றின் அடியில் ஒன்றாக அப்படிப் புதைந்து போயின!

பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. எந்தப் புகைப்படத்தை வைத்து அவர்கள் பிழைத்தார்களோ, அதே புகைப்படம் நேராக மெஷினுக்குள் போய், விடிவதற்குள் பேனராக வெளியே வந்தது. நடுவே ஒரு கை தேவைப்படவில்லை. எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவர் கடை போர்டு எழுதப் போனார், ஒருவர் வீடுகளுக்கு பெயின்ட் அடிக்கப் போனார். டிஜிட்டல் கேமரா வந்து எங்கள் டார்க்ரூமையும் மூடியது.

இன்று சென்னை இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் வெளிச்சுவரைப் பாருங்கள். 2021-ல் சென்னையைச் சேர்ந்த ஏ-கில், டெல்லியைச் சேர்ந்த கத்ரா என்ற இரண்டு தெரு ஓவியர்கள் அங்கே வரிசையாக முகங்களை வரைந்தார்கள். எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்களை ஒதுக்காதீர்கள் என்று சொல்வதற்காக வரைந்தவை. யாருக்குத் தொற்று, யாருக்கு இல்லை என்று அந்த முகங்களைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு கண்ணகி நகரில் தெருக்கலை அமைப்பான ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் மாநகராட்சியும் சேர்ந்து குடியிருப்புச் சுவர்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டன. ஆற்றங்கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000-லிருந்து குடியமர்த்தப்பட்ட இடம் அது. அங்கே ஏ-கில் வரைந்தது அந்தப் பகுதிக் குழந்தைகளின் சிரிப்பை. நான் வேலை பார்த்த காலத்தில் மாடி உயரத்துக்கு முகம் என்றால், அது நடிகருடையதாக இருக்கும், இல்லையென்றால் தலைவருடையதாக இருக்கும். அந்த அளவு, அந்தத் தெருவில் ஓடியாடுகிற குழந்தைக்குக் கிடைத்திருக்கிறது. வர்ணம் பூசியதால் அங்கே வேலைவாய்ப்பு வந்துவிடாது, தொலைதூரப் பயணமும் குறையாது. ஆனாலும் அந்தச் சுவரின் எதிரே நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

தெரு ஓவியர்கள் வேலை செய்வதையும் நின்று பார்த்திருக்கிறேன். சாரத்துக்குப் பதில் இப்போது கிரேன் கூடை. சதுரக் கட்டத்துக்குப் பதிலாகச் சிலர் சுவர் முழுக்க எழுத்தும் சுழியுமாகக் கிறுக்குகிறார்கள். அதைக் கைபேசியில் படமெடுத்து, மூலப் புகைப்படத்தை அதன்மேல் பொருத்திக்கொள்கிறார்கள். எந்தச் சுழியின் மேல் கண் வருகிறது, எந்த எழுத்தருகே உதடு முடிகிறது என்று பார்த்துப் பார்த்து வரைகிறார்கள். பெரியவர் ஸ்கேல் வைத்துச் செய்த அதே கணக்கு.

புகைப்படமும் தெருவுக்கு வந்துவிட்டது. 2016-ல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்பட விழா, பூங்காவிலும் பறக்கும் ரயில் நிலையத்திலும் படங்களை மாட்டியது. டிக்கெட் எடுக்க வந்தவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். பிரிண்ட்டுக்குப் பக்கத்தில் எடுத்தவர் பெயர் இருந்ததைப் பார்த்தபோது, பெயரே இல்லாமல் கவருக்குள் போன எங்கள் ஸ்டில்ஸ் ஞாபகத்துக்கு வந்தன.

நியூயார்க்கில் நடந்தது வேறு விதம். அங்கே சுரங்க ரயில் பெட்டிகளில் இரவோடு இரவாக வரைந்த இளைஞர்களைப் போலீஸ் துரத்தியது. மார்த்தா கூப்பர் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், டோண்டி என்ற இளம் ஓவியரோடு ரயில் யார்டுக்குள்ளேயே போய், அவர் வரைவதைப் படமெடுத்தார். சிற்பியான ஹென்றி சால்ஃபன்ட் பிளாட்பாரத்தில் நின்று, ஒரே பெட்டியைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, முழுப் பெட்டியையும் ஒரே படமாக்கினார். இருவரும் சேர்ந்து 1984-ல் வெளியிட்ட ‘சப்வே ஆர்ட்’ நாடு நாடாகப் போனது. 1989 மே மாதத்தோடு, கிறுக்கல் உள்ள ஒரு பெட்டியும் இனி ஓடாது என்று ரயில்வே நிர்வாகம் அறிவித்தது. பெட்டிகள் போனாலும் படங்கள் நின்றன. 2011-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஒரு கேலரியில், கூப்பரின் புகைப்படங்களைப் பல தெரு ஓவியர்கள் தங்கள் கையால் மறுபடி வரைந்து கண்காட்சியே வைத்தார்கள்.

அங்கே ஓவியம் வரையும்போதும் முடிந்த பிறகும் கேமரா வந்தது. இங்கே ஓவியத்துக்கு முன்பே கேமரா வந்தது, ஆனால் முடிந்த பிறகு திரும்பி வரவில்லை. அதனால்தான் நியூயார்க் பையன்களின் பெயர் உலகத்துக்குத் தெரிகிறது, சென்னையின் அண்ணா சாலையைப் பேனர்களால் நிரப்பியவர்களின் பெயர் அண்ணா சாலைக்கே தெரியவில்லை.

இன்றைய தெருக்கலை விழாக்களை நடத்துபவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேனர் வரைந்த கைகள் சில இன்னும் இருக்கின்றன. எழுபது வயதுக்கு மேல் கிரேன் கூடையில் ஏற முடியாது. ஆனால் தரையில் நின்று, மூக்கு நிழலில் பச்சை எங்கே வர வேண்டும் என்று இளைஞர்களுக்குக் காட்ட முடியும். கூப்பிடுங்கள், கூலி கொடுங்கள், சுவரில் பெயர் எழுதுங்கள். இதை வாசிக்கிற உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டு ஆல்பத்தில், தியேட்டர் வாசலில் குடும்பத்தோடு எடுத்துக்கொண்ட படம் இருந்தால், பின்னால் தெரியும் பேனரைக் கவனியுங்கள். மூலையில் கம்பெனி பெயர் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, படத்தை ஸ்கேன் செய்து, அந்தத் தொழிலில் இருந்த ஒருவரிடம் காட்டுங்கள். அது யார் கை என்று அவர் சொல்வார். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.