திண்டிவனத்தில் பனிச்சறுக்கு

உறைந்த ஏரியை நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்து ஏரி ஐப்பசியில் கோடி போகும், சித்திரையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். நடுவில் உறைவது என்ற பழக்கம் அதற்குக் கிடையாது. அப்படிப்பட்ட திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு, பனிமேல் ஓடும் ஜெட் சறுக்கு வண்டி ஒன்று செய்யப்போகிறேன் என்று டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். செய்வதற்கு முன்னால் சொல்லிவிடுவது எங்கள் வீட்டுப் பரம்பரை வியாதி. சொன்ன வாய்க்காகச் செய்து, செய்த கைக்காக அசடு வழிந்த கதைதான் இது.

தூண்டிவிட்டவர் மாக்ஸ் வாலியர். 1929 பிப்ரவரியில், மியூனிக் பக்கத்திலுள்ள ஸ்டார்ன்பெர்க் ஏரி உறைந்து கிடந்தபோது, ராக்கெட் குழல்கள் கட்டிய சறுக்கு வண்டியை ஆள் ஏறாமல் ஓடவிட்டவர். மணிக்கு 400 கிலோமீட்டர் வரை போனதாகப் பதிவு. அடுத்த ஆண்டு மே மாதம், திரவ எரிபொருள் எஞ்சின் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அது வெடித்து இறந்துபோனார். முதல் தகவலை நான் ஊரெல்லாம் சொன்னேன். இரண்டாவதை என் மனைவி தானாகத் தேடிப் படித்துக்கொண்டாள்.

நம் நாட்டிலும் இந்த வகையறா உண்டு. சண்டிகர் அருகே பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்கு நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு ராக்கெட் சறுக்குத் தண்டவாளம் இருக்கிறது. ககன்யான் விண்கலத்துக்கான பாராசூட்டுகளை 2023 ஆகஸ்டில் அங்கேதான் இழுத்துப் பார்த்தார்கள். என்னிடம் இருந்தது ஒரு பிளைவுட் பலகை.

எஞ்சினுக்கு நான் பிடித்தது பல்ஸ் ஜெட். சுழலும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது என்பதால் என் புத்திக்கு ஏற்றது என்று நினைத்தேன். 1944-ல் லண்டன்மேல் விழுந்த ஜெர்மானிய வி-1 குண்டில் இருந்தது இந்த ரகம். காற்று நுழையும் வாயில் மெல்லிய எஃகு இதழ்கள் நொடிக்கு நாற்பது தடவைக்கு மேல் திறந்து மூடும். இதழ்களும் வேண்டாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது, லாக்வுட்–ஹில்லர் என்று பெயர். படுக்கப்போட்ட ‘ப’ எழுத்தாக வளைந்த குழாய், அவ்வளவுதான். இரண்டு வாயும் பின்னால் பார்க்கும். உள்ளே வாயு வெடிக்கும், இரண்டு வாய் வழியாகவும் வெளியே பாயும். பாய்ந்த வேகத்தில் உள்ளே அழுத்தம் இறங்கும், இறங்கினதும் புதுக்காற்றை இழுக்கும், மறுபடி வெடிக்கும். மயிலம் பங்குனி உத்திரத்தில் வாங்கி, திரி கொளுத்தி, வாளித் தண்ணீரில் விட்டால் டபடபவென்று ஓடுமே தகரக் கப்பல், அதற்கு இது ஒன்றுவிட்ட அண்ணன். அந்தக் கப்பலின் சூத்திரத்துக்குத் தாமஸ் பியோ என்பவர் 1891-லேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார். கப்பலோடு நான் நின்றிருக்கலாம்.

வரைபடம் ஒரு மில்லிமீட்டர் எவர்சில்வர் தகடு கேட்டது. கனமாக இருந்தால் கெட்டியாக இருக்குமே என்று விழுப்புரம் போய் மூன்று மில்லியில் வாங்கிக்கொண்டு வந்தேன். வெல்டிங் பட்டறை அண்ணன் அதைத் தட்டிப் பார்த்தார், வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, அன்னதானத்துக்கு அடுப்பா?”

“ஜெட் எஞ்சின்ணே.”

“ஓடுமா?”

“ஓடாது, தள்ளும்.”

“யாரை?”

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கப் பல மாதம் ஆயிற்று. மூன்று மில்லித் தகட்டைக் கூம்பாக உருட்ட அவரிடம் மெஷின் இல்லை, உருட்டினாலும் தூக்க என்னிடம் தெம்பு இல்லை. அந்தத் தகடு இப்போது எங்கள் வீட்டுத் தண்ணீர்ச் சம்புக்கு மூடி. நல்ல மூடி. இரண்டு ஆள் வேண்டும் திறக்க.

ஒரு மில்லியில் செய்த குழாய் வந்து சேர்ந்ததும், பலகையைவிட வால் நீண்டிருப்பது கண்ணை உறுத்தியது. அழகு கருதி ஒரு சாண் நறுக்கச் சொன்னேன். பட்டறை அண்ணன், “வரைஞ்சவன் சும்மாவா சார் வரைஞ்சிருப்பான்?” என்றார். நான் படித்தவன் அல்லவா, நறுக்கத்தான் வேண்டும் என்றேன். நாதஸ்வரத்தில் திமிரி குட்டை, சுதி ஏறும்; பாரி நீளம், சுதி இறங்கும். இதுவும் அப்படித்தான், குழாயின் நீளம்தான் அதன் தாளத்தைத் தீர்மானிக்கிறது. அறையும் வாலும் ஒன்றுக்கொன்று இணங்கினால்தான் ஒரு வெடிப்பு அடுத்ததைக் கூட்டிவரும். நறுக்கிய எஞ்சின் ‘புஸ்’ என்று மஞ்சள் நெருப்பைக் கக்கிவிட்டு அணைந்தது. நறுக்கிய துண்டைத் தேடி எடுத்துத் திரும்ப ஒட்டவைத்தோம். வாலைச் சுற்றி அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஒட்டுக்கூலி வெட்டுக்கூலியைவிட அதிகம்.

ஏசி சர்வீஸ்காரரிடம் இரவல் வாங்கிய புளோயரால் காற்றடித்து, கேஸைத் திறந்து, தீ வைத்ததும் எஞ்சின் ஒரு நாள் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. காதில் பஞ்சு வைத்திருந்தும் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. புளோயரை எடுத்த பிறகும் எஞ்சின் தானாகவே கத்திக்கொண்டிருந்தது. வால் முதலில் கறுத்து, பிறகு ஊதா ஓடி, பிறகு பழுக்கச் சிவந்தது. பக்கத்துக் கொல்லையில் ஒரு மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. எதிர்வீட்டுப் பெரியவர் வந்து எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று கேட்டார். போர் போடுகிறோம் என்று நினைத்துவிட்டார். இருநூறு அடி என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

ஒரு நிமிஷம்கூட முழுதாக ஓடியிருக்காது, குரல் கம்மி நின்றுவிட்டது. கேஸ் தீர்ந்துவிட்டதோ என்று ஐந்து கிலோ சிலிண்டரைத் தொட்டேன். விரல் சுரீர் என்றது. உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாக வேண்டுமானால் வெப்பம் வேண்டும், அதைச் சிலிண்டரிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சின் குடித்த வேகத்துக்குச் சிலிண்டர் குளிர்ந்து, அழுத்தம் இறங்கி, வெளிப்புறமெல்லாம் முத்து முத்தாக வியர்த்து, வால்வைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. திண்டிவனத்தில் விழுந்த முதல் பனி அதுவாகத்தான் இருக்கும். கல்யாண மண்டபத்தில் சமைக்கிற உறவுக்காரர் ஒருவரிடம் சொன்னேன். “இதுக்கா மாப்ளே இவ்ளோ யோசிச்சே? அண்டாவுல தண்ணி ஊத்தி அதுல சிலிண்டரை வையி. நாங்க நித்தம் பண்றது” என்றார். வைத்தேன். ஓடியது. வெப்ப இயக்கவியல் புத்தகத்துக்குக் கொடுத்த காசு என் கண் முன்னால் ஒருமுறை வந்துபோனது.

அடுத்து, எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்க, நெல்மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசில் கட்டி இழுக்கவிட்டேன். மூன்று கிலோ. முன்னூறு கிலோவுக்கான சத்தம், மூன்று கிலோவுக்கான தள்ளு.

இங்கேதான் கணக்கு குறுக்கே வந்தது. என்னையும் சேர்த்து வண்டியின் எடை நூறு கிலோவைத் தாண்டும். நல்ல பனிமேல் எஃகுச் சட்டம் சறுக்கினால், எடையில் முப்பதில் ஒரு பங்கு விசை போதும் நகர்த்த; மூன்று கிலோவும் கிட்டத்தட்டக் கணக்குக்கு வந்துவிடும். சிமெண்டுத் தரையில் மரப்பலகை என்றால் எடையில் பாதி வேண்டும், ஐம்பது கிலோ. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல்தான். ஆனால் எஞ்சின் செய்த பிறகு தரையைத் தேடினேன் பாருங்கள், அதற்கு யாரைச் சொல்வது?

அமெரிக்காவில் கிரெய்க் பிரீட்லவ் 1963-ல் ஜெட் காரை மணிக்கு 650 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியது போன்வில் உப்புவெளியில். உப்பு என்றால் நமக்கு மரக்காணம் இருக்கிறதே! பஸ் ஏறினேன். போன்வில்லில் கண்ணுக்கெட்டின தூரம் வரை காய்ந்த, தட்டையான உப்பு. மரக்காணத்தில் கண்ணுக்கெட்டின தூரம் வரை பாத்தி. பத்து எட்டு வைத்தால் ஒரு வரப்பு. பாத்திக்குள் கணுக்கால் அளவுக்கு உப்புநீர், அதன் அடியில் மிதித்து மிதித்துப் பதமாக்கிய களிமண். பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து, “வரப்பை மிதிக்காம போ தம்பி, உடைஞ்சிரும்” என்றார். வரப்பையே மிதிக்கக் கூடாத இடத்தில் ஜெட் வண்டி பற்றி என்னத்தைப் பேசுவது? அரைப்படி உப்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பக்கத்திலேயே கழுவெளி. கோடையில் நீர் வற்றினால் மேசை மாதிரி கிடக்கும். ஆனால் 2021 டிசம்பரிலிருந்து அது பறவைகள் சரணாலயம், ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல். பூநாரைகள் வருகிற இடத்தில் என் எஞ்சினை முழக்கினால் முதலில் பறவைகள் போகும், பின்னாலேயே நான் போவேன், வனத்துறை ஜீப்பில்.

உறைந்த ஏரிக்குப் போக முடியாதவனுக்கு உறைந்த ஏரியே கப்பலேறி வந்த காலம் ஒன்று இருந்தது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்த பனிக்கட்டிகளை, மரத்தூளில் பொதிந்து, ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். பிறகு சென்னைக்கும் வந்தது; அதைச் சேமித்துவைக்க 1842-ல் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். நாலு மாதம் கடலில் கிடந்தும் முழுக்க உருகாமல் கரை சேர்ந்திருக்கிறது. இதைப் படித்த ராத்திரிதான் அந்த யோசனை வந்தது. பனிமேல் வண்டியை விட வழியில்லை, சரி. வண்டிக்கு அடியில் பனியைக் கட்டினால்?

மீன் ஏற்றுகிறவர்கள் வாங்கும் ஐஸ் பார் ஒன்றைச் சாக்கில் சுற்றி, உமி தூவி, மினி லாரியில் கொண்டுவந்தேன். ஒரு ரைஸ் மில்லில் நெல் காயவைக்கும் களம், வருஷக்கணக்காகக் கால்பட்டு வழவழவென்றிருக்கும். நெல் கொட்டுவதற்கு முன்னால், விடிகாலையில் ஒரு மணி நேரம் தருவதாகச் சொன்னார்கள். பட்டறை அண்ணன் ரம்பத்தால் பாரை நீளவாக்கில் இரண்டு சட்டமாக அறுத்தார்; நைலான் கயிற்றால் பலகைக்கு அடியில் கட்டினோம். அழுத்தினால் பனி உருகும், உருகின தண்ணீர்தான் வழுக்கவைக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்து, மேலே இரண்டு ஹாலோ பிளாக் கல்லையும் ஏற்றிவைத்தேன். உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி இறக்க 130 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் வேண்டும் என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். அதைவிட, வைகாசி மாதத்து ஐஸை உருகவைக்கக் கல் எதற்கு? பனி நன்றாக வழுக்குவது மைனஸ் ஏழு டிகிரி வாக்கில் என்று ஆம்ஸ்டர்டாமில் 2018-ல் அளந்திருக்கிறார்கள். என் பனி சுழியத்தில் நின்று, களத்தில் குட்டை கட்டிக்கொண்டிருந்தது.

“நீங்க ஏறலையா சார்?”

“அந்த 400-ல வாலியரே ஏறலண்ணே.”

எஞ்சின் பிடித்தது. வண்டி நகர்ந்தது! ஒரு லாரி நீளம் போயிருக்கும். ஆனால் முன்னால் இல்லை, பக்கவாட்டில். பனிச்சறுக்குச் செருப்புக்கு அடியில் கத்திமுனை வைத்திருப்பது வேகத்துக்கு மட்டுமல்ல, பனியைக் கடித்துப் பிடித்துப் போக்கை நேராக வைத்திருக்கவும்தான். என் சட்டங்கள் தட்டை. எஞ்சினும் நடுவிலிருந்து நாலு விரல் தள்ளி உட்கார்ந்திருந்தது. வண்டி நிதானமாகத் திரும்ப ஆரம்பித்து, சிவந்த வாலை எங்கள் பக்கம் காட்டியது. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டேன். பட்டறை அண்ணன்தான் ஹோஸைப் பிடித்தபடி ஓடிவந்து வால்வை மூடினார். அதற்குள் எஞ்சின் சூட்டில் நைலான் கயிறு இளகி அறுந்தது. பலகை தொப்பென்று சிமெண்டில் உட்கார்ந்தது. இரண்டு ஐஸ் சட்டங்களும் சுமை விட்ட சந்தோஷத்தில் களத்தின் சரிவில் ஜம்மென்று வழுக்கிக்கொண்டு மதில்வரை போயின. வாலியர் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார், அப்படி நேராகப் போயின.

மதிலோரம் நின்ற பையன்கள் சர்பத் உண்டா என்று கேட்டார்கள். மில் மேஸ்திரி வந்து களத்தைப் பார்த்தார். “ஈரத்துல நெல்லை எங்க சார் கொட்றது?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு சாக்கை என் கையில் கொடுத்தார். துடைத்தேன். பலகையில் மீன் கூடை கட்டிய டிவிஎஸ் வண்டிக்காரர் ஒருவர் வாசலில் நிறுத்தி, மதிலோரம் கிடந்த ஐஸை விலை கேட்டார். உமி ஒட்டியிருக்கிறது என்று பேரம் பேசி எண்பது ரூபாய் கொடுத்தார். இத்தனை செலவுக்கும் வரவு என்று நோட்டில் எழுதியது அது ஒன்றுதான். அதிலும் இருபது ரூபாயைப் பட்டறை அண்ணன் டீக்கு எடுத்துக்கொண்டார்.