எலிக்குத் தெரிஞ்ச தெற்கு வாசல்

வாப்பு, காலு எரியுதா? உக்காரு. செருப்பையும் செல்லையும் தெற்கு வாசல்ல குடுத்துட்டு, வடக்கு வாசல் வழியா வெளிய வந்து, உச்சி வெயில்ல சித்திரை வீதியைப் பாதி சுத்தியிருக்க. இந்த வேண்டுதலு எப்ப வச்ச? 2018-ல மீனாட்சி கோயிலுக்குள்ள செல்லு கூடாதுன்னு சொன்னாலும் சொன்னாக, அது இல்லாம வழி தெரியாத ஒன் குட்டு ஒடஞ்சு போச்சு.

நாலு கோபுரமும் ஒண்ணு போல இருக்குன்னு கோபுரத்து மேல பழி வேற! கண்ணை மட்டும் நம்புனா அப்பிடித்தான்டா.

ஒன் தங்கச்சி நேத்து எலிக்கதை ஒண்ணு படிச்சுச் சொன்னா. 1971-ல ஓகீஃப்னு ஒருத்தரு எலி மண்டைக்குள்ள கம்பியை விட்டுப் பாத்தாராம். இந்த மூலையில எலி நின்னா ஒரு நரம்பணு துடிக்குது, அந்த மூலைக்குப் போனா வேறொண்ணு. 2005-ல மோசர் தம்பதி, நடந்த நடையைத் தேன்கூடு மாதிரிக் கட்டம் போட்டு அளக்குற அணுவைக் கண்டாக. மூணு பேருக்கும் 2014-ல நோபல். புருசனும் பொண்டாட்டியும் சேந்து வழி கண்டுபிடிச்சதுதான் எனக்கு ஆச்சரியம். ஒங்கப்பத்தாவோட நான் திருவிழாவுக்குப் போனா வீடு திரும்புற வரைக்கும் சண்டை.

அதே வருசம் லாஸ் ஏஞ்சலஸ்ல மயங்க் மேத்தான்னு ஒருத்தரு எலிக்கு வாரு மாட்டி, பந்து மேல நடக்க விட்டாரு. சுத்தித் திரையில படம் மட்டும். வழி சொல்ற வாசமில்ல, சத்தமில்ல, ஒடம்பும் எடம் பேரல. மூளையில எடம் பாக்குற பகுதியில நூத்துக்கு 60 அணு வாயைப் பொத்திக்கிருச்சாம். மிச்சமும் தாறுமாறு. ஆனா எலியைப் பாத்தா தெளிவா நடக்குற மாதிரியே இருந்துச்சாம். ஒன்னையும் அப்பிடித்தான் நெனச்சிருந்தேன்.

மண்டைக்குள்ள நடக்குறது பஞ்சாயத்துடா. வெளிச்சத்துல கண்ணு பேச்சு எடுபடும். இருட்டுல காலு சொல்றதைத்தான் கேக்கணும். மூக்கும் காதும் சாட்சி. தும்மல் வந்தா கீழமாசி வீதி மிளகாய். காலுக்குக் கீழ கல்லு சுட்டா ஆடி வீதி, குளுந்தா மண்டபம். எதுவுமே புடிபடலையா, முக்குறுணிப் பிள்ளையாரு தெற்கைப் பாத்துத்தானே உக்காந்திருக்காரு? அவரு பாக்குற பக்கமா நடந்திருந்தா செருப்பு கெடச்சிருக்கும். அவருக்கென்ன, வாகனமே எலி.

சரி, மோரைக் குடி. இப்பச் சொல்லு, இங்கயிருந்து மாட்டுத்தாவணி எங்கிட்டு இருக்கு?

டேய், அதுக்கு ஏண்டா பைக்குள்ள கைய விடுற?