மாமியார் வரை வராத பாரிஸ் சேதி

பல்வலிக்குத் தமிழ்நாட்டில் கிராம்பு, உப்புத் தண்ணீர், வலி மாத்திரை என்று மூன்று படிகள். புதுச்சேரியில் நான்காவதாக ஒன்று உண்டு. அதற்குத் தெருவுக்குத் தெரு கடையும் உண்டு. முத்தியால்பேட்டைக்காரர் ஒருவர் நான்கையும் பார்த்துவிட்டார். கொப்பளிக்க வாங்கிய பிராந்தி ஒருமுறைகூட வாயைவிட்டு வெளியே வரவில்லை என்பது மனைவியின் புகார்.

ஒருநாள் வலி சுத்தமாக நின்றது. பிராந்திக்குப் பெருமை. நடந்ததோ வேறு. பல்லுக்குள் இருந்த கூழ், அதாவது நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த மென்திசு, செத்துப்போயிருந்தது. வலியைச் சொல்ல நரம்பில்லை. கிருமிகள் சத்தமில்லாமல் வேர்நுனி வழியே எலும்புக்குள் குடிபுகுந்தன. கொஞ்சநாளில் கன்னம் வீங்கி, மனிதர் ஒரு பக்கம் மட்டும் செழிப்பாகத் தெரிந்தார்.

"பல்லுல பூச்சிதான். மாப்பிள்ளையைக் கண்டங்கத்திரி விதைப் புகை பிடிக்கச் சொல்லு" என்றார் மாமியார்.

பல்லில் புழு ஏதும் தென்படவில்லை என்று, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, 1728-இல் பாரிஸில் புத்தகமே போட்டவர் பியர் ஃபோஷார். சீழ் கட்டிய பல்லைத் திறந்து வடியவிடவும் அவர் வழி சொன்னார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது. தெருப்பெயர், ரொட்டி, போலீஸ்காரர் சிவப்புத் தொப்பி எல்லாம் கப்பலேறி வந்தன. இந்தச் சேதி மட்டும் மாமியார் வரை வந்து சேரவில்லை.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று நம்மவருக்குப் பயம். ஆதாரமில்லாத பயம்தான், ஆனாலும் அதுதான் அவரை ரூட் கேனாலுக்குச் சம்மதிக்க வைத்தது.

சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் மரத்துப்போக வைக்கும் ஊசி அங்கே சரியாக வேலை செய்யாது. "வலிச்சுது" என்று ஊரார் சொல்லும் கதைகள் பலவற்றின் மூலம் இதுதான். மரத்தபின் பல்லில் துளையிட்டு, மெல்லிய கம்பிகளால் கால்வாய்களைச் சுரண்டுகிறார்கள். 1838-இல் அமெரிக்கர் எட்வர்ட் மேனார்ட் இதற்கான முதல் கம்பியைக் கடிகாரச் சுருள்வில்லைத் தேய்த்துத்தான் செய்தார். துணி வெளுக்கும் ப்ளீச்சிங் திரவத்தில் உள்ள அதே சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவுகிறார்கள். மேல்வரிசை முதல் கடைவாய்ப்பல்லுக்கு வேர் மூன்று. கால்வாய் பெரும்பாலும் நான்கு. அந்த நாலாவது ஒளிந்து விளையாடும். விட்டுவிட்டால் மறுபடியும் வீக்கம். கடைசியில் அடைப்பது கட்டாபெர்ச்சா. மலேயாக் காட்டு மரமொன்றின் பால். நம் இலுப்பைக்கும் சப்போட்டாவுக்கும் பங்காளி.

"வலிதான் போயிடுச்சே, கேப் எதுக்கு டாக்டர்?"

"போடலைன்னா பல்லு பிளந்துக்கும். கேப் போடுற வரைக்கும் அந்தப் பக்கம் முறுக்கு கடிக்காதீங்க."

"இந்தப் பக்கம்?"

மருத்துவர் இந்தப் பக்கத்து எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அங்கேயும் ஒரு சொத்தை.