ஒருவாட்டி கேட்டு நம்பிராதே, கண்ணு

ஏங்கண்ணு, கெர்னலுக்குள்ள டைமரை வாசிக்கறதுக்கு ஒரே வரி எழுதிப்போட்டு காலை நீட்டி உக்காந்துட்டயாமா? பலே! ரிஜிஸ்டரைக் கேட்டோம், நம்பரைக் குடுத்துது, வாங்கிட்டு வந்துட்டோம். இத்தனை வெள்ளந்தியான புள்ளைய இந்தக் காலத்துல பாக்கறதே அபூர்வம். உனக்குப் பொண்ணு குடுக்கப் போறவிய பாக்கியசாலிக. உன்ற கையில கெர்னலைக் குடுத்தவியதான் கொஞ்சம் யோசிச்சிருக்கோணும்.

பழைய கதைல இருந்து வாரேன். 1981ல ஐபிஎம் பிசி வந்துதே, அதுக்குள்ள இன்டெல் 8253னு ஒரு சில்லு. விநாடிக்கு 11,93,182 தடவை எண்ணும். முழுசாப் பத்து லட்சம்னு இல்லாம இதென்ன கோணக்கணக்குன்னு கேக்கறயா? அமெரிக்காக்காரன் கலர் டிவி கணக்குக்கு ஒத்துவர்ற மாதிரி 14.31818 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒண்ணு போர்டுல இருந்துது. அதையே மூணால வகுத்து ப்ராசசருக்குக் குடுத்தான், பன்னண்டால வகுத்து டைமருக்குக் குடுத்தான். இன்னொரு கிரிஸ்டல் வாங்க மனசு வரலை. நம்மூரு ஆளா இருப்பானோன்னு எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம். நாப்பது வருசம் தாண்டியும் அந்த நம்பர் லினக்ஸ் கோடுக்குள்ள அசையாம உக்காந்துருக்குது.

சரி, அதை வாசி பாக்கலாம். உள்ள எண்ணறது 16 பிட்டு, வெளிய குடுக்கற போர்ட்டு 8 பிட்டு. கீழ்ப்பாதி மொதல்ல வரும், மேல்பாதி பொறவு வரும். நீ பாதி வாங்கற வரைக்கும் அது நின்னு காத்துட்டிருக்குமா? அதுபாட்டுக்குக் கீழ எறங்கிட்டே இருக்கும். உள்ள 512 இருக்கறப்ப கீழ்ப்பாதிய எடுத்தயா, சைபர். மேல்பாதிய எடுக்கறதுக்குள்ள 511 ஆயிருச்சு, அதோட மேல்பாதி ஒண்ணு. ரெண்டையும் ஒட்டுனா 256. அப்படி ஒரு நம்பர் அந்த நேரத்துல உள்ள இருந்ததே இல்லை! கண்ணபுரத்துச் சந்தைல துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு மாட்டு வெலை பேசறப்ப, ஆயிரத்துக்கு ஒரு தடவை, நூத்துக்கு ஒரு தடவை புடிப்பாங்க. நடுவுல தரகன் வெலைய மாத்திட்டான்னா நீ கூட்டிப்பாக்கற தொகை அவனும் சொல்லாதது, நீயும் கேக்காதது. அந்தக் கதைதான். 215 மைக்ரோவிநாடி போன எடம் தெரியாது.

அதுக்குத்தான் லாட்ச்சுன்னு ஒரு கட்டளை வெச்சிருக்கான். ஹெக்ஸ் 43 போர்ட்டுல ஒரு சைபரை எழுது. அந்த நிமிசத்து எண்ணிக்கை தனியா ஒறைஞ்சு நிக்கும், ஓடறது ஓடிட்டே இருக்கும். பொறவு ஹெக்ஸ் 40ல ஆற அமர ரெண்டு பாதியையும் வாங்கிக்க. ஆற அமரன்னதும் மல்லாந்து படுத்துராதே. நீ பாதில இருக்கறப்ப இன்னொரு சிபியுவோ, ஒரு இன்டரப்ட்டோ குறுக்க வந்து அதே போர்ட்டைத் தொட்டா உன்ற மேல்பாதி அவன் மடிக்குப் போயிரும். ஸ்பின்லாக்கைப் போடு, இன்டரப்ட்டை அடக்கு, அப்புறம் கைய வெய்யி.

இத்தனையும் பண்ணுனாலும் ஒரு குசும்பு பாக்கி இருக்குது. கவுன்ட்டர் அடிவரைக்கும் எறங்கி மறுபடி உச்சிக்குப் போயிருக்கும். ஆனா டிக்கு இன்டரப்ட்டு இன்னும் வந்து சேரலை, அந்த டிக்கை எண்ணற ஜிஃபீஸ் பழைய எடத்துலயே நிக்குது. ரெண்டையும் கூட்டுனா மணி பின்னால போயிரும். லினக்ஸ் என்ன பண்ணுது தெரியுமா? ஜிஃபீஸ் மாறலை, ஆனா எண்ணிக்கை போன தடவையவிட ஏறியிருக்குதுன்னா, போன தடவை சொன்னதையே திருப்பிச் சொல்லிரும். மணி பின்னால போச்சா? யாரு பாத்தா? இந்த நாணயம் எனக்கு ரொம்பப் புடிக்கும்.

ஏசிபிஐ பிஎம் டைமருன்னு ஒண்ணு பின்னால வந்துது. விநாடிக்கு 35,79,545. அதே டிவி கிரிஸ்டலோட பேரப்புள்ளை. 24 பிட்டு ஒரே மூச்சுல வரும்னு சந்தோசப்பட்டாங்க. பிஐஐஎக்ஸ்4னு இன்டெல் சில்லு ஒண்ணுல லாட்ச்சே சரியா இல்லை, வாசிக்கறப்பவே நம்பர் கலங்கி வரும். லினக்ஸ்காரங்க கேஸ் போடலை, சண்டை போடலை. மூணு தடவை வாசிச்சாங்க. மூணும் வரிசையா இருந்தா நடுவாலதை எடுத்துக்குவாங்க, முறை தப்புனா மொதல்லருந்து மறுபடி மூணு. நீ ஒருவாட்டி கேட்டுட்டு ஓடியாந்தயே, அதான் சிரிச்சேன்.

"அதெல்லாம் உங்க காலத்துச் சாமான், இப்ப டிஎஸ்சி இருக்குது"ன்னு சொல்லுவ. இருக்குது. 1993ல பென்டியத்தோட வந்துது. போர்ட்டு வேண்டாம், லாட்ச்சு வேண்டாம், ஆர்டிடிஎஸ்சின்னு ஒரே உத்தரவு, 64 பிட்டு. ஆனா ப்ராசசர் உன்ற உத்தரவுகளை நீ எழுதுன வரிசைலயா செய்யுது? மணியை மொதல்ல பாத்துட்டு, முந்தி முடிக்க வேண்டிய வேலையப் பொறவு முடிக்கும். முன்னால ஒரு எல்ஃபென்ஸ் வெச்சாத்தான் அடங்கும். பழைய சில்லுகள்ல ப்ராசசர் வேகம் கொறைஞ்சா இதுவும் கொறையும், தூங்குனா இதுவும் தூங்கும், கோருக்குக் கோரு வேற மணி சொல்லும். புதுசுல பெரும்பாலும் திருந்திருச்சு. ஆனாலும் கெர்னல் பல மிசின்ல அது பின்னால ஒரு காவல்காரனைப் போட்டிருக்குது. அரை விநாடிக்கு ஒரு தடவை வேற கடியாரத்தோட ஒத்துப்பாத்து, மீறி விலகுனா டிஎஸ்சியைப் பதவில இருந்து எறக்கிரும். அந்தக் காவல்காரன் கையில இருக்கறது யாரு? ஹெச்பெட்டுன்னு இன்னொரு டைமரு, இல்லாட்டி நான் சொன்ன அந்தப் பிஎம் டைமரு. கெழவனைக் கிண்டல் பண்ணறதுக்கு முன்னால அதைத் தெரிஞ்சுக்க.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. எந்த எண்ணியும் ஒருநாள் சுத்தி சைபருக்கு வரும். அந்தப் பிஎம் டைமரு 4.7 விநாடிக்கு ஒருக்கா சுத்திரும். பழைய நம்பரும் புது நம்பரும் எது பெருசுன்னு பாக்காதே. அன்சைன்டாக் கழி, அந்த எண்ணியோட பிட்டுக்கு மாஸ்க்கு போடு, வித்தியாசம் தப்பாது. மில்லிவிநாடிய 32 பிட்டுல எண்ணுன விண்டோஸ் 95, 49.7 நாள் விடாம ஓடுனா நின்னுபோயிரும். அத்தனை நாள் அதை ஓட்டுன புண்ணியவான் எத்தனை பேரோ! லினக்ஸ்காரங்க குசும்பைப் பாரு: 32 பிட்டு ஜிஃபீஸ் பூட்டாகி அஞ்சாவது நிமிசமே சுத்தற மாதிரி, ஆரம்பத்தையே 300 விநாடி கொறையா வெச்சுட்டாங்க. தப்பா எழுதுன டிரைவரு அன்னிக்கே மாட்டிக்கும். அதனால பூட்டானதுமே உன்ற டிரைவரை ஏத்திட்டு அஞ்சு நிமிசம் தாண்டற வரைக்கும் அங்கயே உக்காந்து பாரு. நாலாவது நிமிசம் டீ குடிக்க எந்திரிச்சுப் போயிராதே.