அரங்குளத்தார் பதில்கள்: ஐந்து நட்சத்திரமும் ஆஸ்பத்திரி பில்லும்

திருவரங்குளத்திலிருந்து வாராவாரம் பதில் எழுதும் அரங்குளத்தாருக்கு இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி மருத்துவக் காப்பீடு பற்றியவை. மீதிப் பாதி வழக்கம்போல் அவரைத் திட்டி.

கே: ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்க இணையத்தில் தேடினேன். ஒரு கம்பெனிக்கு 4.7 நட்சத்திரம். நம்பலாமா? (ஆலங்குடி வாசகர்)

ப: அந்த நட்சத்திரங்களில் பல, பாலிசி வாங்கிய சூட்டோடு போட்டவை. 'பத்தே நிமிஷத்தில் மெயில் வந்தது, போனில் பேசிய பெண் தங்கமானவர்' என்று எழுதியிருப்பார்கள். பத்திரிகை கைக்கு வந்த அன்றே கல்யாணச் சாம்பாரைப் புகழ்கிற மாதிரி. படிப்பதானால் ஒற்றை நட்சத்திரக்காரர்களைப் படியுங்கள். படுக்கையில் கிடந்தவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். அவர்களும் முழுக்கதை சொல்வதில்லை. 'பழைய நோயை மறைத்தேன்' என்று எவர் எழுதினார்?

இணைய விமர்சனங்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஒரு தரநிலையே வெளியிட்டது. விரும்பினால் பின்பற்றலாம் என்பதால் போலிகளுக்கு அதனால் தூக்கம் கெடவில்லை. நட்சத்திரத்தை விடுங்கள், எண்களைப் பாருங்கள். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் மன்றத்தின் 2023-24 ஆண்டறிக்கை கம்பெனிவாரியாகப் புகார்க் கணக்கு தருகிறது. ஸ்டார் ஹெல்த் மீது மட்டும் 13,308. பேரிலேயே நட்சத்திரம்! தனிநபர் பாலிசி விற்பதிலும் அதுவே பெரிய கம்பெனி என்பதால், எண்ணிக்கையைப் பாலிசிதாரர் தொகையால் வகுத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

கே: எது நல்ல கம்பெனி? ஒரே வரியில்.

ப: க்ளெய்ம் கேட்கும்போதும் போனை எடுக்கிற கம்பெனி.

கே: என் மச்சான் ஏஜென்ட். அவரிடம் வாங்காவிட்டால் வீட்டில் சண்டை.

ப: மச்சான்மார் விஷயத்தில் அரங்குளத்தார் நடுநிலை வகிப்பதில்லை, வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். வாங்கிவிடுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் நிபந்தனைகளைப் பொடி எழுத்து வரை படியுங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பாலிசியை மட்டும். மச்சானுக்கு அந்த வசதி கிடையாது.

கே: சுகர் இருப்பதைச் சொன்னால் பிரீமியம் ஏறுமாமே? மறைத்தால் என்ன? (வம்பன் வாசகர்)

ப: மறைக்காதீர்கள். இதில் கிண்டல் இல்லை. நெஞ்சு வலியோடு போகும்போது அவசரப் பிரிவு டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, 'எத்தனை வருஷமா சுகர்?' பயத்தில் உண்மையைச் சொல்வீர்கள். 'எட்டு வருடமாக நீரிழிவு' என்று அவர் கேஸ் ஷீட்டில் எழுதுவார். அந்த ஒரு வரி கம்பெனிக்குப் போனால் க்ளெய்ம் அவ்வளவுதான். மறைக்காமல் சொன்னால், பழைய நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருஷம். 2024-க்கு முன்பு அது நான்கு.

கே: ரூம் வாடகை வரம்பு என்கிறார்களே, அதிலென்ன பெரிய விஷயம்?

ப: பெரிய விஷயம் அதில்தான். மூன்று லட்சம் பாலிசி, நாளுக்கு ஒரு சதவீத வாடகை, அதாவது 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 6,000 ரூபாய் ஏ.சி. அறையில் ஐந்து நாள் படுக்கிறீர்கள். அறைக்கு 30,000. அதுபோக டாக்டர், தியேட்டர், நர்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சம். அறைக்குப் பாதிதான் கிடைக்கும் என்பது எல்லோரும் எதிர்பார்ப்பது. அதே விகிதத்தில் அந்த ஒரு லட்சத்திலும் பாதியை வெட்டுவார்கள். உங்கள் கையிலிருந்து 65,000. மருந்து, ஸ்டென்ட் போன்றவை, பரிசோதனைக் கட்டணம் ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்பது விதி. பில்லைச் சரிபாருங்கள். வரம்பில்லாத பாலிசியும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

கே: வாராவாரம் வம்பன் உளுந்தைப் பற்றி எழுதுகிறீரே, ஏன்?

ப: பசி.

கே: பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. எடுத்துவிட்டார்களாமே?

ப: தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. அதற்கு முன்பு 18 சதவீதம். மிச்சமாகும் காசுக்கு, மேற்படி உளுந்தில் சுட்ட வடை.

கே: நூறு நாள் வேலைக்குப் போகிறேன். பிரீமியம் கட்ட வழியில்லை. எனக்கெல்லாம் காப்பீடு உண்டா அய்யா? (திருவரங்குளம்)

ப: உண்டு தாயே, காசு கட்டாமலே. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012 ஜனவரி முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். ஏற்கெனவே இருக்கும் நோய் என்று தள்ளமாட்டார்கள். உடம்புக்கு வந்த பிறகு அலையாமல், இந்த வாரமே போய் வாருங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993, இலவச எண்.

கே: க்ளெய்மை நிராகரித்துவிட்டார்கள். எங்கே போவது?

ப: முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லையென்றால், சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் இல்லை.

கே: 'நோ க்ளெய்ம் போனஸ்' என்றால்?

ப: வருஷம் முழுக்க ஆஸ்பத்திரிப் பக்கம் போகாததற்குக் கம்பெனி தரும் பாராட்டு, காப்பீட்டுத் தொகை கொஞ்சம் ஏறும். வயசு கூடக்கூடப் பிரீமியமும் ஏறும். அது பாராட்டு இல்லை.